வண்டி நின்ற பிறகு

அந்த வெள்ளை வண்டி ஓடும்போது ஒருநாளும் கொதித்ததில்லை. வில்லங்கமே அங்கேதான் இருந்தது. மலைப்பாதையில் வளைவு வளைவாக விரட்டினாலும் சூடு காட்டும் முள் நல்ல பிள்ளையாக நடுவில் நிற்கும். வந்து நிறுத்தி, சாவியைத் திருப்பி, கதவைத் திறந்து இறங்குவதற்குள் முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பும். வேலை செய்கிற வரைக்கும் சாதுவாக இருந்துவிட்டு, உட்கார்ந்ததும் எரிந்து விழுகிற ஆட்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. இது வண்டி, அவ்வளவுதான்.

காரணத்தில் மர்மம் ஒன்றும் இல்லை. எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்பை எஞ்சினே பெல்ட் போட்டு இழுத்துக்கொண்டிருந்தது. எஞ்சின் நின்றால் பம்ப்பும் நின்றுவிடும். உள்ளே அடுப்பாகக் கனிந்த இரும்பு, அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் தண்ணீர். கொதிக்காமல் வேறு என்ன செய்யும்?

வண்டி ஒரு குழந்தை டாக்டருடையது. வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டு அழவைத்துவிட்டு, விடுமுறை நாட்களில் மலையேற்றப் பந்தயத்தில் ஓட்டி மற்ற ஓட்டுநர்களை அழவைப்பவர். டாக்டரம்மா என்றுதான் வண்டி பழுதுபார்க்கும் ஷெட்டில் எல்லோரும் கூப்பிடுவார்கள். பந்தயத்தில் ஒவ்வொருவரும் இரண்டு முறை மேலே ஏற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வண்டி கொஞ்ச நேரம்தான் நிற்கும். போன இரண்டு பந்தயங்களிலும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் வண்டி கொதித்துக் கொட்டியது. டாக்டரம்மா இரண்டாவது முறை ஏறவே இல்லை.

ஷெட் அண்ணனுடையது. தங்கைக்கு அங்கே பெயர் கரண்டு. சின்ன வயதில் பிளக் பாயிண்டுக்குள் கொண்டை ஊசியைச் செருகிப் பார்த்து, தூக்கி எறியப்பட்டு, எழுந்து வந்து மறுபடியும் செருகப் போனவள் என்பதால் அண்ணன் வைத்த பெயர். பிறகு படித்தது, வேலை பார்த்தது எல்லாமே வயர்தான். லிஃப்ட் கம்பெனியில் ஒரே மாதிரிப் பெட்டிக்குள் ஒரே மாதிரி வயரைக் கட்டிக் கட்டி அலுத்துப்போய், அண்ணன் ஷெட்டில் ஒரு மூலை கிடைக்காதா என்று வந்து நின்றாள்.

“பெல்ட் பம்ப்பைக் கழட்டிடலாம்ணா. கீழ் ஹோஸ்ல கரண்டு பம்ப் ஒண்ணு. ரேடியேட்டருக்குப் பின்னாடி ரெண்டு கரண்டு ஃபேன். எவ்வளவு சூடுன்னு பாத்து ரெண்டையும் ஓட்டுறதுக்கு ஒரு கன்ட்ரோல் பெட்டி. வண்டிய நிறுத்தின பிறகும் அது பாட்டுக்கு ஓடும், சூடு இறங்கினதும் தானா நின்னுடும்.”

“சாவி எடுத்த பிறகும் ஓடுமா? ஆள் இல்லாம?” அண்ணனின் முகம் சுருங்கியது. “ஷெட்டா இது, பேய் வீடா?”

அண்ணனைக் குறை சொல்லவும் முடியாது. சில வருடங்களுக்கு முன்னால், சாப்பாட்டு வேளையில், சும்மா நின்றிருந்த ஒரு வண்டிக்குள் எவனோ அரைகுறையாகக் கட்டிய வயர் உரசித் தீப்பிடித்தது. பாதிக் கூரை போனது. அணைக்க ஓடிய அண்ணனின் இடது கையில் மணிக்கட்டு முதல் முழங்கை வரை தோல் இன்னமும் சுருங்கித்தான் இருக்கிறது. அன்றிலிருந்து ஷெட்டில் ஒரு சட்டம்: வெளியிலிருந்து எந்த வண்டி உள்ளே வந்தாலும் முதல் வேலை, பேட்டரி இணைப்பைத் துண்டிப்பது. டீ குடிப்பது, நலம் விசாரிப்பது எல்லாம் அதற்குப் பிறகு. வேலை செய்ய வேண்டியவர்கள் மறுபடி இணைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் நுழைகிறவர்கள் செருப்பைக் கழற்றுவது போல அது எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது.

அண்ணிதான் நடுவில் புகுந்தாள். ஷெட்டின் கணக்கும் போனும் அண்ணி கையில் இருந்தன. வாயும் அவளுக்குக் கூர்மை.

“ஏங்க, ஊர் வண்டிய எல்லாம் ஒட்டுப் போடுறீங்க. கூடப் பொறந்தவளுக்கு ஒரு வண்டி குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?”

அண்ணன் தலையைச் சொறிந்தார். “சரி. டாக்டரம்மா வண்டி ஒண்ணு. அது கொதிக்காம பந்தயத்த முடிச்சுட்டு வந்தா, வயரிங் வேலை எடுக்கலாம், ஷெட்டுல பாதிய நீ பாத்துக்கோ. கொதிச்சுதுன்னா நீ லிஃப்ட் கம்பெனிக்கே திரும்பிப் போயிடணும். அப்புறம் மூக்கால அழக் கூடாது.”

“அழமாட்டேன்” என்றாள் கரண்டு. வாயெல்லாம் பல்.

வேலையை அவள் ரசித்துச் செய்தாள். பழைய பம்ப் இருந்த இடத்தில் ஒரு தகடு வைத்து மூடினாள். புதுப் பம்ப்பை எல்லாவற்றையும்விடத் தாழ்வாக உட்காரவைத்தாள், உள்ளே காற்று தங்கக் கூடாது என்பதற்காக. ஃபேன்கள் காற்றை வெளியே தள்ளாமல் உள்ளே இழுக்கின்றனவா என்று ரேடியேட்டர் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்துப் பார்த்தாள். காகிதம் பச்சென்று ஒட்டிக்கொண்டது. ஷெட்டிலேயே நிறுத்தி வைத்து எஞ்சினைச் சூடாக்கி சாவியைத் திருப்பினாள். எஞ்சின் அடங்கியது, ஃபேன்கள் உய்யென்று ஓடின, சூடு இறங்கியதும் தாமாக நின்றன. அண்ணி கைதட்டினாள். அண்ணன் சற்றுத் தள்ளி நின்று, பாம்பாட்டியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

மறுநாள் டாக்டரம்மா வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுச் சாலையில் முரட்டுத்தனமாக ஓட்டிவிட்டு ஷெட்டுக்குள் வந்து நிறுத்தினார். இறங்கினார். வழக்கம்போல ஏதோ சிரித்துப் பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே முன்பக்கம் களகளவென்றது. ரேடியேட்டர் மூடிக்கு அடியிலிருந்து, கூலன்ட் கலந்த பச்சை நிறத் தண்ணீர் சீறித் தரையெல்லாம் ஓடியது. ஃபேன்கள் சுற்றவில்லை, பம்ப்பும் ஓடவில்லை.

கரண்டு முன்பக்கம் ஓடினாள்.

சூடு அடங்கியதும் எல்லாவற்றையும் பிரித்தாள். மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலேவை மாற்றினாள். சூடு அளக்கும் சென்சாரைக் கழற்றி, டீ போடும் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் தொங்கவிட்டுப் பார்த்தாள். “இன்னிக்கி டீ இரும்பு வாசனை அடிக்கும், யாரும் கேக்காதீங்க” என்று அண்ணி அறிவித்தாள். சென்சார் சொக்கத்தங்கம். ஷெட்டில் நிறுத்திவைத்துச் சூடாக்கிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ஓடியது. சாலையில் போய்விட்டு வந்தால் செத்துப்போனது. மறுநாளும் அதே கதை. அதற்கு அடுத்த நாளும். அதிர்ச்சியில் ஏதாவது வயர் கழல்கிறதா என்று ஒவ்வொரு முனையையும் இழுத்து இழுத்துப் பார்த்ததில் அவள் விரல் நுனிகள் சிவந்துபோயின.

அண்ணன் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். துணியால் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

“உன் வயர் மேல தப்பு இல்லன்னே வச்சுக்குவோம். ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். நான் போய் புதுசு வாங்கிட்டு வரேன். பழைய பம்ப்பையே மாட்டி டாக்டரம்மாவ அனுப்பிடலாம், பந்தயத்துக்கு நாள் நெருங்கிடுச்சு.” துணியை உதறி மடித்தார். “லிஃப்ட் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுடு, கரண்டு. அவங்க உன்ன நல்லாத்தானே வச்சிருந்தாங்க.”

அவள் தலையை ஆட்டினாள். அழமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அதனால் டயர் அடுக்குக்குப் பின்னால் போய் அழுதாள். ஒரு பம்ப்பைச் சுற்றவைக்கத் தெரியாதவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு போவது அவளுக்கு ஆற்றமாட்டாத வருத்தமாக இருந்தது.

எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் வைக்கும் அந்தக் கேஸ்கெட் தகட்டை வாங்க அண்ணன் கிளம்பிப் போன பிறகு டாக்டரம்மா வந்தார். தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த கரண்டுவைப் பார்த்துவிட்டு, பந்தய உடுப்போடு அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இங்க நிறுத்தி வச்சா ஓடுது, வெளில போய்ட்டு வந்தா ஓடலயா?”

“ஆமாம் டாக்டரம்மா. என்ன பண்ணியும் புடிபடல.”

“என்கிட்டயும் இப்படிக் கேஸ் வரும். வீட்டுல பிள்ளைக்கு ராத்திரி பகலா இருமல், என் ரூமுக்கு வந்தா ஒரு இருமல் கிடையாது. பிள்ளைய விட்டுட்டு வீட்ட பத்திக் கேப்பேன். யார் சிகரெட் புடிக்கிறாங்க, என்ன கொளுத்துறாங்கன்னு.” எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார். “வா, இன்னொரு தடவ ஓட்டுவோம். கொதிச்சா கொதிக்கட்டும், நாளைக்குக் கழட்டத்தானே போறீங்க.”

இருவரும் போனார்கள். டாக்டரம்மா வண்டியை இரக்கமே இல்லாமல் மேட்டில் ஏற்றினார். திரும்பி வந்து ஷெட்டுக்குள் நிறுத்திச் சாவியைத் திருப்பினார். கரண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

உய்யென்ற சத்தம் நிற்கவில்லை.

கண்ணைத் திறந்தாள். ஃபேன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. குனிந்து காதை வைத்தாள். அடியில் பம்ப் பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. மேசையில் எழுதிக்கொண்டிருந்த அண்ணி பேனாவோடு ஓடிவந்தாள். மூன்று பெண்களும் சேர்ந்து நின்று, ஃபேன்கள் தாமாக நிற்கும் வரை மூச்சுவிடவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கீழே விழவில்லை.

“என்னடி பண்ணின?” என்றாள் அண்ணி.

“ஒண்ணுமே பண்ணல அண்ணி.” அதுதான் அவளைப் பயமுறுத்தியது. எதுவும் செய்யாமல் சரியான வண்டி, எதுவும் செய்யாமல் கெட்டுப்போகும். “இன்னொரு தடவ போலாம் டாக்டரம்மா.”

இரண்டாவது முறை திரும்பி வந்தபோது அண்ணன் வந்திருந்தார். கையில் கேஸ்கெட் உறை. வண்டி நின்றது, டாக்டரம்மா சாவியைத் திருப்பினார், ஃபேன்கள் உய்யென்றன. அண்ணன் பேசிக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

“கடைக்காரன் வேற ஏதோ மாடல எடுத்துக் குடுக்கறான், நான் விடுவேனா, பெட்டியப் பிரிச்சுக் காட்டுன்னு சொல்லி…”

பேச்சு நிற்கவில்லை. அவர் கண்ணும் வண்டியைப் பார்க்கவில்லை. ஆனால் அவருடைய வலது கை, அதற்கென்று ஒரு தனிப் புத்தி இருப்பது போல, வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த கட்டாஃப் சுவிட்சுக்குப் போனது. பந்தய வண்டிகளில் வெளியிலிருந்தே மொத்த மின்சாரத்தையும் துண்டிக்க வைத்திருப்பார்களே, சிவப்புச் சாவி, அது. கை அதைப் பிடித்துத் திருப்பியது. ஃபேன்கள் தொய்ந்து நின்றன. சற்று நேரத்தில் களகளவென்று சத்தம் வந்து பச்சைத் தண்ணீர் பீறிட்டது.

“பாத்தியா?” என்றார் அண்ணன். “நான்தான் சொன்னேனே, கேஸ்கெட்டுதான்.”

கரண்டு அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை முறை கொதித்ததோ அத்தனை முறையும் இந்தக் கைதான். ஆவி கிளம்பியதும் எல்லோரும் முன்பக்கம் ஓடினார்கள். பிறகு சோதிக்க வந்தபோது, ஷெட் வழக்கப்படி, அவளே அந்தச் சாவியைத் திருப்பி இணைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினாள். ஒருமுறைகூட, இது ஏன் அணைந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை. கழற்றிவிட்ட செருப்பை யார் கழற்றினார்கள் என்று யார் கேட்பார்கள்?

“அண்ணா” என்றாள். வந்தது கோபமா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. “உன் கை எங்க இருக்கு பாரு.”

அண்ணன் பார்த்தார். சிவப்புச் சாவி இன்னும் அவர் விரல்களுக்கு நடுவில் இருந்தது.

“நாலு நாளா என் உயிர வாங்கினது நீதாண்ணா!” என்று அப்போதுதான் வெடித்தாள். “ரிலே மாத்தினேன், பெட்டியப் பிரிச்சேன், கெட்டில்ல வேகவச்சேன், டயருக்குப் பின்னாடி போய் அழுதேன்! நிறுத்தின பிறகு ஓடணும்னுதானே இவ்வளவும் பண்ணினது? நீ வந்து அதோட கழுத்தத் திருகிட்டு, கேஸ்கெட்டுன்ற!”

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டரம்மா நாகரிகமாகத் திரும்பிக்கொண்டு சிரித்தார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. சாவியை விட்டுவிட்டு, கேஸ்கெட் உறையை இன்னொரு கையில் பிடித்தபடி வாசலுக்குப் போய் நின்றார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கரண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“எனக்குத் தெரியவே இல்ல” என்றார் அண்ணன். “சத்தியமா. கை போனதே தெரியல.”

“தெரியும்ணா.”

“இப்பத் தெரிஞ்சும் என்னால நிறுத்த முடியுமான்னு சொல்ல முடியல. ஆள் இல்லாத வண்டில வயர் ஓடுற சத்தம் கேட்டா எனக்கு இங்க அடைக்குது.” நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “நீ ஒண்ணு பண்ணு. அந்தச் சாவியத் திருப்பினாலும் பம்ப் ஓடற மாதிரி தனியா ஒரு வயர் இழுத்துடு. நான் திருப்பிட்டுப் போறேன், நீயும் நிம்மதியா இரு.”

அரை மணி நேர வேலை அது. கண்ணைக் கட்டிவிட்டாலும் அவள் செய்துவிடுவாள். ஆனாலும் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

“பந்தயத்துல ஒத்துக்க மாட்டாங்க. அந்தச் சாவியத் திருப்பினா வண்டில ஒரு பொட்டு மின்சாரம் இருக்கக் கூடாது. அவங்க ஒத்துக்கிட்டாலும் நான் பண்ண மாட்டேன். நாளைக்கு நெருப்புன்னு வந்தா டாக்டரம்மாவக் காப்பாத்தப் போறது அந்தச் சாவிதான். உன் கை எரிஞ்சப்ப அந்த வண்டில அப்படி ஒண்ணு இல்ல. அதப் போய் நான் ஏமாத்துவேனா?”

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். கொண்டை ஊசியோடு திரிந்த பிள்ளையை இத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்தவர், முதல் தடவையாகத் தன்னோடு தொழில் செய்கிற ஒருத்தியைப் பார்த்தார். அவர் பயத்தைக் கிண்டல் செய்யாமல், அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். கேஸ்கெட் உறையை அண்ணியிடம் நீட்டி, “திருப்பிக் குடுத்துடு” என்றார்.

பந்தயத்துக்கு முன்னால் மீதி இருந்த நாட்களில் ஷெட்டில் நடந்த கூத்து கொஞ்சமல்ல. வண்டி உள்ளே வரும்போதெல்லாம் அண்ணி ஓடிவந்து அண்ணனின் இரண்டு கையிலும் ஒரு தம்ளர் டீயைத் திணிப்பாள், விளிம்பு வரை ஊற்றி. ஒரு கையை எடுத்தால் சிந்திச் சுடும். அவர் டீயைப் பார்த்துக்கொண்டு, ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, வியர்த்து வழிய நிற்பார். முதல் நாள் பாதி டீ சட்டையில் இருந்தது. “இந்த வைத்தியத்துல வண்டி பொழைக்கும், சட்டைதான் பொழைக்காது” என்றாள் அண்ணி. ஒரு தடவை பேச்சு சுவாரசியத்தில் தம்ளரைப் பானெட்டின் மேல் வைத்துவிட்டுச் சிவப்புச் சாவியைத் திருப்பிவிட்டார். பச்சைத் தண்ணீரை அவரே துடைத்தார்.

பந்தய நாளன்று மலையடிவாரத்தில் வெயில் காய்ந்தது. வண்டிகள் நிறுத்துமிடத்தில் ஆளாளுக்கு ஒரு கூடாரம், ஒரு கருவிப்பெட்டி. டாக்டரம்மா முதல் முறை குறைந்த நேரத்தில் ஏறி முடித்து, இறங்கி வந்துகொண்டிருப்பதாக ஒலிபெருக்கி சொன்னது. இனி நடக்கப்போவதுதான் கரண்டு ஷெட்டில் இருப்பதா, லிஃப்ட் பெட்டிக்குள் போவதா என்பதைத் தீர்மானிக்கும். டீ கொண்டுவர மறந்துவிட்டோமே என்று அண்ணி காதோடு சொன்னாள்.

வெள்ளை வண்டி வந்து நின்றது. டாக்டரம்மா சாவியைத் திருப்பினார். எஞ்சின் அடங்க, ஃபேன்களும் பம்ப்பும் ஓடிக்கொண்டிருந்தன.

அண்ணனின் வலது கை எழுந்தது. கரண்டு பார்த்தாள், தடுக்கவில்லை. வாயைக்கூடத் திறக்கவில்லை. தடுத்தால் இன்றைக்கு வண்டி பிழைக்கும், நாளைக்கு யார் தடுப்பார்கள்? கை பாதி வழியில் நின்றது. அண்ணன் அதைப் பார்த்தார், வேறு யாருடைய கையோ போல. பிறகு குனிந்து, கூடாரக் காலருகே இருந்த தீயணைப்பானைத் தூக்கி இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கைக்குழந்தையை வைத்திருப்பது போல அதை வைத்துக்கொண்டு, வண்டிக்கு முன்னால் காலை அகட்டி நின்றார். பக்கத்துக் கூடாரத்துக்காரர் என்ன ஏது என்று எட்டிப் பார்த்தார். அண்ணன் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நெற்றியில் வியர்வை வழிந்தது, துடைக்கவும் இல்லை.

ஃபேன்கள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன. பிறகு, யாரும் தொடாமலே, தாமாக நின்றன.

அண்ணன் அணைப்பானோடு குனிந்து முன்பக்கத்தில் காதை வைத்தார். களகளவென்ற சத்தம் இல்லை. அடியில் பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது.

“முடிஞ்சுதா?” என்று கேட்டார்.

“முடிஞ்சுதுண்ணா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவர் அணைப்பானை மெதுவாகக் கீழே வைத்தார். இப்போது, நிதானமாக, கண்ணால் பார்த்துக்கொண்டே, சிவப்புச் சாவியைத் திருப்பி வெளியே உருவினார். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தங்கையின் கையைப் பிடித்து அதற்குள் வைத்து, அவள் விரல்களை மூடினார்.

“இது இனிமே உன்கிட்ட இருக்கட்டும். ஷெட்டுல உன் பாதி எதுன்னு நீயே பாத்துக்கோ. இத மாட்ட ஒரு ஆணியும் நீயே அடிச்சுக்கோ.”

அழமாட்டேன் என்று சொன்னவள் இந்த முறை எந்த டயருக்குப் பின்னாலும் போகவில்லை. எல்லோருக்கும் முன்னாலேயே அழுதாள். அண்ணி அவள் முகத்தைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டு, அதே துணியால் அண்ணனின் நெற்றியையும் துடைத்தாள்.

“ரொம்ப சந்தோஷம்” என்றார் டாக்டரம்மா, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே. “ஆனா நான் இன்னொரு தடவ மேல போகணும். அந்தச் சாவிய குடும்பத்துக்குள்ளயே வச்சுக்காதீங்க.”

மலைச்சாலையின் தொடக்கத்தில் அடுத்த சுற்றுக்கான வரிசை நகரத் தொடங்கியிருந்தது. கரண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கண்ணாடிக்குக் கீழே குனிந்து, சிவப்புச் சாவியைச் செருகித் திருப்பினாள். அண்ணன் பக்கத்திலேயே நின்றார், இரண்டு கைகளும் சும்மா தொங்க.